டிஜிட்டல் போட்டோவும் வீட்டுக் கம்ப்யூட்டரும்: சேலத்தில் புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படம் எடுப்பது பாதி வேலை. அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி, பார்த்து, திருத்தி, பத்திரப்படுத்துவது மீதிப் பாதி. புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் முதல் பாதிக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிடுகிறார்கள். நாலு வருடம் கழித்துக் குழந்தையின் காதுகுத்துப் படங்களைத் தேடும்போதுதான் மற்ற பாதி நினைவுக்கு வருகிறது. இங்கே இரண்டுக்கும் இடம் உண்டு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், ஏற்காடு போய் வரும் குடும்பங்கள், ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் போட்டோ ஏற்றும் மாணவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை.

போன் போதுமா, தனியாகக் கேமரா வாங்கத்தான் வேண்டுமா?

கற்றுக்கொள்ளப் போன் தாராளமாகப் போதும். பகல் வெளிச்சம், மலைக்காட்சி, குடும்பப் படம், மேஜை மேல் வைத்த பொருள் ஆகியவற்றை நடுத்தர விலைப் போனே நன்றாக எடுக்கும். அது திணறுவது மூன்று இடங்களில். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் உயரக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையை எட்டிப் பிடிக்க முடியாது. ஆடித் திருவிழா இரவில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் மங்கிய வெளிச்சத்தில் ஆடுகிறவர்களைக் கலங்காமல் எடுக்க முடியாது. பெரிய பிரிண்ட் போட்டால் ஓரங்கள் பிசிறடித்துத் தெரியும்.

காரணம், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லான சென்சாரின் அளவு. சாதாரண டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ. பெரும்பாலான போன்களின் சென்சார் பரப்பு இதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. பரப்பு குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சமும் குறைவு.

பழைய கேமரா வாங்குவதானால் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நூல் நூலாக வெள்ளைக் கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.

மெகாபிக்சல் கூடினால் படம் நன்றாக வருமா?

வராது. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி. ஃபுல் எச்டி திரையில் இருப்பதே 1920 × 1080, அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 6 × 4 அங்குலப் பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 1800 × 1200 போதும். அதுவும் 2.2 மெகாபிக்சல்தான். ஏ4 அளவுக்கு 8.7. பன்னிரண்டு மெகாபிக்சலுக்கு மேல் இருப்பது பிறகு வெட்டிக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றும் குழப்புகிறது. எளிமையாகச் சொல்ல முடியுமா?

சென்சாருக்குப் போதுமான வெளிச்சம் வேண்டும். ஷட்டர் என்பது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. அப்பர்ச்சர் என்பது லென்ஸின் துவாரம் எவ்வளவு பெரிது என்பது, அதை எஃப் எண்ணால் குறிப்பார்கள். ஐ.எஸ்.ஓ. என்பது கிடைத்த சிக்னலை எவ்வளவு பெருக்குகிறோம் என்பது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்துச் சமன் செய்யலாம். எஃப் 4, 1/125 வினாடி, ஐ.எஸ்.ஓ. 400 தரும் அதே வெளிச்சத்தை எஃப் 4, 1/500 வினாடி, ஐ.எஸ்.ஓ. 1600-உம் தரும். ஆனால் முதல் படத்தில் ஓடும் குழந்தை கலங்கியிருக்கும். இரண்டாவதில் குழந்தை தெளிவாக இருக்கும், படத்தில் கொஞ்சம் புள்ளி விழும். எது தேவை என்று முடிவெடுப்பதுதான் படம் எடுப்பவரின் வேலை.

புள்ளி விழுந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்யலாம். கலங்கிய படத்தைச் சரிசெய்வது மிகக் கடினம். அதனால் சந்தேகம் வந்தால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி ஷட்டரை வேகப்படுத்துங்கள். நிற்கும் ஆளுக்கு 1/125, ஓடும் பிள்ளைக்கும் போகும் பஸ்ஸுக்கும் 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 அல்லது அதற்கு மேல். மழைக்காலத்தில் ஏற்காட்டின் கிளியூர் அருவி பட்டு இழையாக விழ வேண்டுமானால் நேர்மாறாக, டிரைபாடில் (முக்காலியில்) வைத்து அரை வினாடி.

துவார எண்ணில் எல்லோரும் தடுமாறுவார்கள். எண் சின்னதானால் துவாரம் பெரிது. எஃப் 1.8-இல் முகம் மட்டும் தெளிந்து பின்னணி கரையும். எஃப் 8-இல் முன்னால் இருக்கும் ஆளும் பின்னால் இருக்கும் மலையும் ஓரளவு சேர்ந்து தெளியும். எஃப் 16-க்கு மேல் போனால் படம் மொத்தமும் லேசாக மென்மையாகிவிடும். சிறிய துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் வரும் குறை அது, லென்ஸின் தப்பு இல்லை.

தொடங்கும்போது அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் (கேமராவின் சக்கரத்தில் ஏ அல்லது ஏவி) வைத்து, ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, குறைந்தபட்ச ஷட்டரை 1/125 என்று அமைத்துவிட்டால் பெரும்பாலான படம் சரியாகவே வரும். முழு மேனுவலுக்கு அவசரப்பட வேண்டாம்.

ஏற்காட்டில் எடுத்த பனிமூட்டப் படமெல்லாம் சாம்பலாக அழுக்காகத் தெரிகிறதே?

கேமராவின் வெளிச்ச மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெண்பனி முழுத் திரையையும் நிரப்பும்போது, வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அதைச் சாம்பலாக இறக்கிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் பட்டனில் +0.7 முதல் +1.3 வரை ஏற்றுங்கள். போனில் திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழைக்குப் பின் காபிச் செடி பூத்துக் குலுங்கும்போதும், வெண்பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையை நெருக்கமாக எடுக்கும்போதும் இதே விதிதான். யானை, கருங்கல் சிலை, கறுப்புப் பட்டு என்றால் −0.7 இறக்க வேண்டும்.

பனியில் ஃப்ளாஷ் போட வேண்டாம். எதிரே இருக்கும் நீர்த்துளிகளெல்லாம் வெள்ளை வட்டமாக விழும்.

ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டிலிருந்து தூரத்து மலை நீலமாக மங்கித் தெரிகிறது. ஃபில்டர் வாங்கினால் சரியாகுமா?

யுவி ஃபில்டரால் பயனில்லை. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே அந்த வடிகட்டி இருக்கிறது. போலரைசர் என்னும் ஃபில்டர் ஓரளவு உதவும், சூரியன் உங்கள் தோள்பட்டைப் பக்கம் இருக்கும்போது மட்டும். இதையெல்லாம் விட நல்ல வழி, முதல் நாள் மழை பெய்து மறுநாள் காலையில் போவது.

ஏற்காட்டின் லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் நகர விளக்குகளை எப்படி எடுப்பது?

முழு இருட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்தில் வானம் ஆழ்நீலமாக இருக்கும். அப்போது கீழே விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். டிரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 8 முதல் 15 வினாடி, 2 வினாடி டைமர். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் டிரைபாடில் அதை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் தானாகப் பிடிக்காமல் தடுமாறினால், ஒரு பளிச்சென்ற விளக்கைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் வளையத்தைத் திருப்பி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

மதிய வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருப்பாக விழுகிறது.

சேலத்து ஏப்ரல் வெயிலில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளிச்சம் நேர் மேலிருந்து விழும். ஆட்களைத் திண்ணைக்கோ கட்டட நிழலுக்கோ கூட்டிப்போய், முகம் வெளிச்சம் வரும் பக்கம் பார்க்கும்படி நிற்க வையுங்கள். மர நிழல் இரண்டாம் பட்சம்தான். இலைகளின் பச்சை முகத்தில் ஏறும், நடுநடுவே வெயில் திட்டும் விழும்.

வீட்டுக்குள்ளும் மண்டபத்திலும் எடுத்தால் படத்தில் கோடு கோடாக வருகிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல எல்இடி, டியூப் லைட்டுகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/500 வினாடி ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டை மட்டும் பிடிப்பதால் கோடு விழுகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், கோடு மறைந்துவிடும். வீடியோவுக்கும் இதேதான். போன், கேமரா செட்டிங்கில் ஃப்ளிக்கர் என்ற இடத்தில் 60 என்று இருந்தால் 50-க்கு மாற்றுங்கள்.

கொலுசு வியாபாரத்துக்கு நாங்களே படம் எடுக்கிறோம். வெள்ளி கருப்பாகவும் பளீரென்றும் மாறி மாறி விழுகிறது. என்ன செய்வது?

மெருகேற்றிய வெள்ளிக்குத் தனி நிறம் கிடையாது. சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். அறை இருட்டாக இருந்தால் கொலுசு கருப்பு, மேலே பல்ப் இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளி, எதிரே நீங்கள் சிவப்புச் சட்டையில் நின்றால் சிவப்பு. எனவே கொலுசைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைச் சரிசெய்தால் படம் தானாகச் சரியாகும்.

நேர் வெயில் விழாத ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் பெரும்பாலும் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு மேஜை. இரண்டுக்கும் நடுவே பட்டர் பேப்பரை முழுத்தாளாகத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பரவி மென்மையாகும். மேஜை மேல் வெள்ளை சார்ட் பேப்பரை மடிப்பு விழாமல் வளைத்து, பின் விளிம்பைச் சுவரில் ஒட்டுங்கள். தரைக்கும் சுவருக்கும் நடுவே கோடு தெரியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்றைக் கொலுசுக்கு அரையடி தூரத்தில் நிறுத்துங்கள்.

இப்போது எல்லாப் பக்கமும் வெள்ளையாகி, கொலுசு தாளோடு கரைந்து தெரியும். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு சார்ட் பேப்பரைப் பட்டையாக வெட்டி, படத்துக்குள் வராமல் கொலுசின் இரு பக்கமும் நிறுத்திப் பாருங்கள். வெள்ளியின் விளிம்பில் மெல்லிய கருங்கோடு ஓடும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும், தொங்கும் ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக எழுந்து நிற்கும். பட்டையை அரை அங்குலம் நகர்த்தினாலே தோற்றம் மாறும். அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் கொலுசின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும், கம்ப்யூட்டரில் பிரித்தெடுக்க முடியாது. கைரேகை படாமல் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அடுக்குங்கள். கேமராவில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, டிரைபாட், 2 வினாடி டைமர். ஷட்டர் கால் வினாடி வரை போனாலும் பரவாயில்லை. வெள்ளைத் தாள் என்பதால் எக்ஸ்போஷர் +1. போனில் எடுப்பவர்கள் ஒட்டி நெருங்காமல் ஒன்றரை அடி தள்ளி, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். ரொம்ப நெருங்கினால் பல போன்கள் தானாகவே அகலக் கோணக் கேமராவுக்கு மாறி, கொலுசை வளைத்துக் காட்டும். போனோ உங்கள் கையோ வெள்ளியில் தெரிந்தால், வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளை போட்டு அதன் வழியாக எடுங்கள்.

கம்ப்யூட்டரில் செய்வது கொஞ்சம்தான். வெள்ளையை வெள்ளையாகவே காட்டச் செய்யும் வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) கருவியின் துளிசொட்டிக் குறியால் தாளின் ஒரு இடத்தைத் தொட்டால் நிறம் நேராகும். பிறகு சதுரமாக வெட்டி 2000 × 2000 பிக்சலில் சேமியுங்கள். நிறத்தைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொட வேண்டாம். வெள்ளியில் மறைந்திருக்கும் நீலம், மஞ்சளெல்லாம் வெளியே வந்து, வாங்குகிறவருக்கு உலோகத்தின் மேலேயே சந்தேகம் வரும்.

ஜேபெக்கா, ராவா?

ஜேபெக் என்பது கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம். ரா என்பது சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைக்கும் கோப்பு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலை. 14 பிட் ரா கோப்பில் 16,384. அதனால் இருட்டாக எடுத்த படத்தை ராவில் தூக்கி நிறுத்தலாம். ஜேபெக்கில் தூக்கினால் திட்டுத் திட்டாக உடையும். இதற்குக் கொடுக்கும் விலை, கோப்பு பிடிக்கும் இடம். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா சுமார் 25 முதல் 30 எம்பி வரும், ஜேபெக் 10 எம்பிக்கு அருகில். முதல் சில மாதம் இரண்டையும் சேர்த்துச் சேமிக்கும் முறையில் எடுத்துப் பழகுங்கள். ரா கோப்பைத் திறந்து வேலை செய்ய நேரமே இல்லை என்று தெரிந்தால் ஜேபெக் மட்டும் போதும், அதில் குறைவொன்றுமில்லை.

ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும். காப்பி எடுத்தால் போகாது. மூலத்தைத் தொடாமல், திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் தாங்குமா?

ஜேபெக் பார்க்கவும் திருத்தவும் 4 ஜிபி ரேம் உள்ளதே தாங்கும். ரா கோப்புக்கு 8 ஜிபி வேண்டும், 16 இருந்தால் வசதி. பழைய கம்ப்யூட்டரை வேகப்படுத்த எளிய வழி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தகடு இல்லாத வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டி போடுவது. திரை ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். மலிவான டிஎன் திரையில் தலையைச் சற்றுச் சாய்த்தாலே படத்தின் வெளிச்சம் மாறித் தெரியும். அதை நம்பித் திருத்த முடியாது.

கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்குவது எப்படி? இரண்டு முறை படம் தொலைந்துவிட்டது.

கேமராவை ஒயரில் மாட்டுவதைவிடக் கார்டு ரீடர் நல்லது. நடுவில் கேமரா பேட்டரி இறங்கிவிடும் பயமில்லை. 64 ஜிபி நிறைந்த கார்டு பழைய யுஎஸ்பி 2 துளையில் இறங்க அரை மணிக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 3 துளையிலும் ரீடரிலும் பன்னிரண்டு நிமிடம் போல. யுஎஸ்பி 3 துளை பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். கார்டு தெரியவே இல்லை என்றால், ரீடர் பழையதாகி 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டைப் படிக்க முடியாததாக இருக்கலாம். "ஃபார்மட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் '2025-05-18 ஏற்காடு' என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயர். இந்த வரிசையில் எழுதினால்தான் ஃபோல்டர்கள் தானாகக் காலவரிசையில் நிற்கும். கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் காப்பி செய்யுங்கள். 'கட்' செய்யவே கூடாது. பாதியில் மின்சாரம் போனால் இரு பக்கமும் இல்லாமல் போகலாம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் இது முக்கியம்.

முடிந்ததும் இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். முதல், நடு, கடைசிப் படத்தைத் திறந்து பாருங்கள். இன்னொரு டிஸ்க்கிலும் பிரதி ஏறிய பிறகே கார்டை அழிக்க வேண்டும். அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

படம் தொலைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல கேமராக்கள் கோப்புக்கு 0001 முதல் 9999 வரை எண் கொடுத்து மறுபடி 0001-இல் தொடங்கும். சிலவற்றில் கார்டு மாற்றும்போதெல்லாம் எண் முதலிலிருந்து தொடங்கும்படி அமைப்பு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது "மாற்றி எழுதவா?" என்று கம்ப்யூட்டர் கேட்க, அவசரத்தில் ஆமாம் என்று அழுத்தினால் பழைய 0001 போய்விடும். நிகழ்ச்சிக்கு ஒரு ஃபோல்டர் வைத்தால் இந்தத் தொல்லை வராது. கேமராவின் எண் அமைப்பையும் 'தொடர்ச்சி' என்று மாற்றிவிடுங்கள்.

ஐபோன் படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை.

2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெய்க் என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றைத் திறக்க, விண்டோஸின் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹெய்ஃப் எக்ஸ்டென்ஷனையும், தேவைப்பட்டால் எச்இவிசி எக்ஸ்டென்ஷனையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்காமல் எதில் திருத்தலாம்? எந்த வரிசையில்?

ரா கோப்புக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி. வெட்டி ஒட்டும் வேலைக்குக் கிம்ப். ஆயிரக்கணக்கான படங்களைப் பெயரிட்டு அடுக்க டிஜிகேம். நான்கும் இலவசம், கள்ளப் பிரதி தேட வேண்டியதே இல்லை. கள்ளப் பிரதியோடு வரும் வைரஸ், மொத்தப் படத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட கதைகள் நிறைய.

வரிசை முக்கியம். முதலில் தொடுவானம் சாய்ந்திருந்தால் நேராக்கி, வேண்டாத ஓரத்தை வெட்டுங்கள். ஏற்காடு ஏரிப் படங்களில் தண்ணீர் ஒரு பக்கம் வழிந்து ஓடுவது போலத் தெரிவது இந்தச் சாய்வால்தான். பிறகு வெள்ளைச் சமநிலை, அதன்பின் மொத்த வெளிச்சம், பிறகு நிழலைத் தூக்கி மேகத்தின் வெள்ளையை இறக்குவது. கடைசியில் புள்ளி நீக்கம். அளவைக் குறைத்த பிறகுதான் கூர்மையாக்க வேண்டும். இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் மலைமேடு போலக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டி நின்றால் அங்கே வெள்ளை எரிந்துவிட்டது, அதில் விவரம் எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள்.

ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் பெரும்பாலும் நிறம் மிகையாகிவிடும். மறுநாள் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு போகிறதே?

அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பிரிண்ட் கடைக்கு அனுப்பும்போது இணைப்பு குறியில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால் மூலம் அப்படியே போகும். எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள் எக்ஸிஃப் தகவலாக இருக்கும், அதுவும் சேர்ந்தே போகும். வீட்டில் எடுத்த குழந்தைப் படத்தை முகம் தெரியாதவர்களுக்கு இப்படி அனுப்ப வேண்டாம்.

பிரிண்ட் போட்டால் இருட்டாக வருகிறது, தலையும் வெட்டுப்படுகிறது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. இருட்டுக்குக் காரணம் உங்கள் திரை. கடையிலிருந்து வரும்போதே அதிக வெளிச்சத்தில் இருக்கும். வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை தாளோடு ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அந்த நிலையில் திருத்திய படம் பிரிண்டிலும் ஏறக்குறைய அப்படியே வரும். நிற முறை எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல கடைகளின் இயந்திரத்தில் நிறம் செத்துப்போய் வரும்.

தலை வெட்டுப்படுவது விகிதத்தால். போன் படம் 4:3. அதை 6 அங்குல அகலத்துக்கு வைத்தால் உயரம் 4.5 அங்குலம் வரும். தாளோ 4 அங்குலம். மீதி அரை அங்குலத்தை இயந்திரம் வெட்டிவிடும். நீங்களே 3:2 விகிதத்தில் வெட்டிக் கொடுத்தால் எதை வெட்டுவது என்பது உங்கள் கையில் இருக்கும்.

விண்ணப்பத்துக்கு 3.5 × 4.5 செ.மீ., 50 கேபிக்குள் போட்டோ கேட்கிறார்கள்.

கிம்பில் திறந்து, வெட்டும் கருவியில் விகிதத்தை 35:45 என்று பூட்டி வெட்டுங்கள். 'ஸ்கேல் இமேஜ்' போய் 413 × 531 பிக்சல் கொடுங்கள். ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் அது 3.5 × 4.5 செ.மீ. ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியில் முன்னோட்டத்தை டிக் செய்தால் கோப்பின் அளவு தெரியும். தரத்தை 90-இலிருந்து இறக்கிக்கொண்டே வந்து 50 கேபிக்குக் கீழ் நிறுத்துங்கள். பிக்சலைக் குறைக்காமல் தரத்தை மட்டும் 20 வரை இறக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

கார்டைத் தவறுதலாக அழித்துவிட்டேன். மீட்க முடியுமா?

அந்த நொடியே கேமராவிலிருந்து கார்டை எடுத்துவிடுங்கள். அழித்ததும் போவது பட்டியல்தான், படம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். மேலே புதுப் படம் எழுதினால்தான் நிஜமாகப் போகும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் கார்டைக் காட்டி, மீட்பதைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அதே கார்டில் சேமிக்கக் கூடாது. கோப்புப் பெயர்கள் திரும்பாது, படங்கள் திரும்பும். கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியிலிருந்து அழித்தது வேறு விஷயம். அது காலியான இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் மீட்பது அரிது.

பேக்கப் எத்தனை வேண்டும்?

போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கே போதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. நடைமுறையில் கம்ப்யூட்டரில் ஒன்று, 1 டிபி வெளி டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு டிஸ்க் ஆத்தூரிலோ மேட்டூரிலோ இருக்கும் அக்கா வீட்டில். பண்டிகைக்குப் போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். 10 எம்பி ஜேபெக் என்றால் 1 டிபியில் சுமார் ஒரு லட்சம் படம் நிற்கும். கூகுள் போட்டோஸ் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் மெயிலோடு சேர்த்து. 2021 ஜூன் முதல் சுருக்கிய படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. பென் டிரைவைப் பேக்கப் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

வெளி டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று புதிதாகச் சத்தம் கேட்டால், அணைத்து வைத்துவிட்டு இன்னொரு பிரதியிலிருந்து புது டிஸ்க்குக்கு ஏற்றுங்கள். இன்னொரு பிரதி இல்லையென்றால் மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். தட்டிப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டினால் உள்ளே தகடு கீறிவிடும்.

லென்ஸில் ஆவி படிகிறது, பூஞ்சை வருகிறது. எப்படிக் காப்பது?

ஏசி காரில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பனிக்குள் இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். கடைசி சில வளைவுகளில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அல்லது பையை மூடியபடியே வெளியில் இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை, மறுபடி படியும்.

மலையிலிருந்து வந்த கேமராவைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு நல்ல இடம் கொடுப்பது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கூடவே ஈரமானி ஒன்றும் இருக்கட்டும். ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதத்தில் நின்றால் சரி. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நச்சு, எனவே அந்தச் சட்டியைத் தனியாக வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமலும் பாருங்கள்.